குட்டியானையை விற்றுப் பெரிய வண்டி எடுக்கும் முன்

குட்டியானையை, அதாவது டாடா ஏஸை, வைத்துத் தொழிலைத் தொடங்கி, இப்போது லோடு கூடிப்போய் தோஸ்த்தோ பொலிரோ பிக்கப்போ எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வண்டியின் டெலிவரி தேதி உறுதியாகாமல் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். வாடிக்கை லோடு இரண்டு வாரம் வேறு வண்டியில் போனால் அப்புறம் அங்கேயே நின்றுவிடும்.

விலை பேசுவதற்கு முன்னால் பேப்பர். வண்டிக்கு எட்டு வருடம் தாண்டிவிட்டால் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, வருடாவருடம் எடுக்க வேண்டும். அது முடியப்போகிற நேரத்தில் விற்றால் டிங்கரிங், பெயின்ட் என்று எல்லாச் செலவையும் கணக்குப் போட்டுக் கழித்துத்தான் கேட்பார்கள், அதனால் எஃப்சி காட்டிவிட்டு விற்பதே மேல். லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் தானாகப் போகாது. பைனான்ஸ் கொடுக்கும் என்ஓசியையும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ஐயும் கொடுத்து, எச்பி கேன்சல், அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்குவது, செய்துவிடுங்கள். அபராதம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விவரம் தெரிந்தவர் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் பார்க்க வருவார். அவருக்காக முன்கூட்டியே சூடுபண்ணி வைக்காதீர்கள், சந்தேகம்தான் வரும். சீட்டைத் தூக்கி, ஓடுகிற எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பார். அங்கே புகை குப்குப்பென்று தள்ளினால் விலை இறங்கும். அடுத்து தொட்டி. மீனும் தக்காளியும் ஏற்றிய வண்டியில் தண்ணீர் இறங்கி இறங்கி, மூலைகளிலும் குறுக்குச் சட்டம் சேருகிற இடத்திலும் தகடு பெயின்ட்டுக்கு அடியில் உப்பிப்போயிருக்கும், சுத்தியலால் லேசாகத் தட்டினாலே மொத்தையாகச் சத்தம் வரும். அதன்மேல் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம், அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். இத்தனை வருடம் நமக்குச் சோறு போட்ட வண்டி, போகிற இடத்திலும் நின்றுபோகாமல் ஓட வேண்டும். சர்வீஸ் பில்கள் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள், புது சீட் கவரை விட அதற்குத்தான் மதிப்பு.

ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பெரும்பாலும் விலை குறையும். உங்கள் மெக்கானிக்கிடமும் ஸ்டாண்டிலும் சொல்லி வைத்தால் வண்டியைத் தெரிந்தவரே வந்து வாங்குவார்.

பணம் வந்ததும் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தை மட்டும் போட்டு சாவியைக் கொடுத்துவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஆர்சியில் பெயர் மாறாதவரை, விற்ற வண்டி விபத்து செய்தாலும் நஷ்டஈட்டுக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களே கூட நின்று பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு அப்புறம் சாவி கொடுங்கள். டெலிவரி லெட்டரில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாமல் சேர்ந்த போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. கம்பெனியிடம் கடிதம் வாங்கிப் புது வண்டிக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

புது வண்டியில் லோடு கணக்கோடு, வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடையையும் கேளுங்கள். அது 3,000 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, அதைத் தாண்டினால் தேவை. பிக்கப்பிலேயே சில மாடல்கள் தாண்டுகின்றன. லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் தீர்ப்பு வந்துவிட்டது.