வீட்டு டப்பில் கேமோ டிசைன்: லென்ஸ் ஹுட்டை முக்கி எடுப்பது எப்படி?

பறவைப் படம் எடுக்கும் பெரிய லென்ஸின் முன்னால் மாட்டும் ஹுட் பெரும்பாலும் கறுப்புதான். புதரோரம் உட்கார்ந்தால் பச்சைக்கு நடுவே அது மட்டும் தனியாகத் தெரியும். ஓரம் தேய்ந்து பளபளக்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். கேமோ, அதாவது சுற்றுப்புறத்தோடு கலந்து மறையவைக்கும் டிசைன், போட்ட துணி உறை வாங்கிப் பார்த்தேன், ஒரு மழையில் நனைந்து இரண்டு நாள் காயவில்லை. அப்புறம்தான் ஹைட்ரோ டிப்பிங் பக்கம் போனேன். இதுவரை நான்கு ஹுட், ஒரு டிரைபாட், சில பாட்டில்கள் முக்கியிருக்கிறேன். முதல் ஹுட் பாழாகிவிட்டது, அந்தக் கதை கீழே வரும்.

விஷயம் இதுதான். தண்ணீரில் கரையும் மெல்லிய பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) ஃபிலிமில் டிசைன் அச்சடித்திருப்பார்கள். வாஷிங் மெஷினில் அப்படியே போடும் சோப்புப் பொட்டலத்தின் மேலுறையும் இதே பிவிஏதான். ஃபிலிமைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது ஊறிக் கூழாகும், மேலே இருக்கும் மை மட்டும் நிற்கும். அதன்மேல் ஆக்டிவேட்டர் என்ற கரைப்பானை அடித்தால் காய்ந்த மை மறுபடி இளகும். அந்த நேரம் பார்த்துப் பொருளை முக்கினால், தண்ணீர் எல்லாப் பக்கமும் அழுத்தி மையை வளைவுகளில் ஒட்டவைத்துவிடும். காருக்குள் மரம் போலத் தெரியும் பிளாஸ்டிக் பட்டைகளில் பல இப்படிச் செய்தவைதான்.

முதல்முறை செய்பவர்கள் கார்பன் ஃபைபர், மரவரி மாதிரி டிசைன்களைத் தொடாதீர்கள். அவற்றில் கோடு கொஞ்சம் வளைந்தாலும் கண்ணில் குத்தும். கேமோவில் டிசைன் எங்கே இழுபட்டது, எங்கே ஒன்றோடொன்று சேர்ந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கைப்பழக்கம் இல்லாதவர்களை இந்த அளவுக்கு மன்னிக்கும் டிசைன் வேறில்லை. ஆனால் அடியில் இருக்கும் பெயின்ட்டில் செய்த தப்பை அது மறைக்காது. அதனால்தான் கீழே முக்குவதைவிட அதற்கு முந்தைய வேலையைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

எந்தக் கேமோ?

கேமோ ஃபிலிம்களுக்குப் பெரிய சந்தை அமெரிக்க வேட்டைக்காரர்கள்தான். துப்பாக்கி, வில், வாத்தைக் கூப்பிடும் ஊதல் வரை முக்கி எடுப்பார்கள். இலை, பட்டை, சுள்ளி எல்லாம் நிஜம் போலத் தெரியும் டிசைன்களில் பேர்பெற்ற மாஸி ஓக், ரியல்ட்ரீ இரண்டுமே 1986இல் தொடங்கியவை. நம் ஊர்க் காய்ந்த முள்காட்டுக்கு அந்த ஓக் இலை அவ்வளவாகப் பொருந்தாது. பழுப்பு, வைக்கோல் நிறம் கலந்த நாணல் டிசைன் ஏரிக்கரைக்கு நன்றாக ஒத்துப்போகிறது. ராணுவச் சீருடை போன்ற டிஜிட்டல் டிசைன் வேண்டாம் என்பது என் கருத்து. இந்திய ராணுவம் 2022இல் கொண்டுவந்த புதிய டிசைனை முறைப்படி பதிவு செய்திருக்கிறது. அது போகட்டும், காட்டுச் சோதனைச் சாவடியில் தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்வானேன்?

என்னென்ன வேண்டும்

ஃபிலிமும் ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே கேனும் ஆன்லைனில்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் பெயின்ட் கடைச் சாமான்: 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்), பிளாஸ்டிக் பிரைமர், மேட் (பளபளக்காத) ஸ்ப்ரே பெயின்ட், நிறமில்லாத மேட் கிளியர் கோட், மாஸ்கிங் டேப். குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப் ஒன்று, அதில் 25 செ.மீ. ஆழத்துக்காவது தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர். நைட்ரைல் கையுறை.

மாஸ்க் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கோவிட் காலத்தில் வாங்கிவைத்த என்95 தூசியைத்தான் பிடிக்கும், கரைப்பான் ஆவியை அல்ல. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும். மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது.

ஹெல்மெட்டை முக்கலாமா என்று கேட்காத ஆளில்லை. கூடாது. கரைப்பான் பட்டால் சில பிளாஸ்டிக்குகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் விழும். வண்டியிலிருந்து நீங்கள் கீழே விழும் நாளில்தான் அது தெரியும்.

படி 1: மூடுவதும் தேய்ப்பதும்

ஹுட்டை லென்ஸில் பூட்டும் பள்ளத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் பெயின்ட் ஏறினால் ஹுட் லென்ஸில் ஏறாது. பள்ளத்தையும் உள்பக்கக் கறுப்பு வெல்வெட்டையும் டேப் ஒட்டி முழுக்க மூடுங்கள், டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள்.

வெளிப்பக்கத்தை 400 நம்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, 600ஆல் முடியுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அதற்குமேல் வெறும் கையால் தொடக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

பாட்டில், டப்பா என்று வேறு எதையாவது முக்கப்போகிறீர்கள் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் எச்டிபிஇ. இரண்டிலும் சாதாரணப் பெயின்ட் சட்டை மாதிரி உரிந்துவரும். பெயின்ட்டைப் பிடிக்கவைக்கும் அட்ஹீஷன் ப்ரோமோட்டர் அடித்த பிறகே பிரைமர். வாய் படும் விளிம்பையும் டேப்பால் மூடிவிடுங்கள்.

படி 2: பேஸ் கோட்

பிரைமர் மெல்லிசாக இரண்டு கோட், காய்ந்ததும் பேஸ் கோட், அதாவது டிசைனுக்கு அடியில் வரும் மேட் பெயின்ட், இரண்டு மூன்று. சுமார் 25 செ.மீ. தள்ளி நின்று, கேனை நிறுத்தாமல் பக்கவாட்டில் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால் வழிந்துவிடும்.

கேமோ ஃபிலிமில் மை இல்லாத வெற்றிடங்கள் நிறைய உண்டு. அந்த ஓட்டைகள் வழியாகத் தெரியப்போவது இந்த பேஸ் கோட் நிறம்தான். ஒரே நாணல் ஃபிலிமை மணல் நிறத்தின்மேல் போட்டேன், காய்ந்த ஏரிக்கரை. ஆலிவ் பச்சையின்மேல் போட்டேன், மழைக்காலப் புதர். வெள்ளையின்மேல் போட்டால் பேப்பரில் அச்சடித்த படம் போல இருக்கும். நீங்கள் அடிக்கடி உட்காரும் இடத்திலிருந்து ஒரு கைப்பிடி காய்ந்த புல்லைக் கொண்டுவந்து பெயின்ட் கடை ஷேடு கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேஸ் கோட் கையில் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும், கேனில் போட்டிருக்கும் நேரத்தைக் கணக்கு வையுங்கள். ஒரு வாரம் போட்டுவைத்துவிட்டு முக்கினால் மை சரியாகப் பிடிப்பதில்லை.

படி 3: பிடியும் எடையும்

என் முதல் ஹுட் போனது இங்கேதான். முன்வாயைப் பழைய ஃபைல் அட்டையின் பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டி மூடினேன், பின்பக்கம் ஒரு மரச்சட்டம் ஒட்டிப் பிடியாக்கினேன். முக்கும்போது பாதியில் ஹுட் எம்பியது. யோசித்தால் நியாயம்தான், உள்ளே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் காற்று. அதைத் தண்ணீருக்குள் அமுக்க ஒரு கிலோ அளவுக்கு விசை வேண்டும். கை நடுங்கியதில் இலையெல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்தது.

இப்போது மூடுவதற்கு முன் பாலித்தீன் பையில் மணல் கட்டி உள்ளே வைத்துவிடுகிறேன். ஹுட் சாதுவாக இறங்குகிறது. அதற்காக முன்வாயை மூடாமல் விடாதீர்கள், உள்ளே சிக்கும் காற்றுக்குமிழ் ஃபிலிமைக் கிழித்துவிடும்.

படி 4: தண்ணீர், ஃபிலிம்

தண்ணீர் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குளிர்ந்திருந்தால் ஃபிலிம் சரியாக ஊறாது, சூடு அதிகமானால் நீங்கள் தயாராவதற்குள் கரைந்து பரவிவிடும். மே மாதம் மதியம் மேல்தொட்டித் தண்ணீர் நேராகப் பிடித்தால் கை சுடும், ஆறவிடுங்கள். மார்கழியில் ஹீட்டர் ராடு போட வேண்டிவரும். ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள், பிளக்கை உருவி ராடையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

11 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள ஹுட்டுக்கு 40 செ.மீ. சதுரமாக ஃபிலிம் வெட்டுகிறேன். நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் தண்ணீரில் சுருளாது. எந்தப் பக்கம் கீழே? ஈர விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள், ஒட்டும் பக்கம் தண்ணீருக்கு, மை பக்கம் வானத்துக்கு. மிச்ச ஃபிலிமை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கவரில் போட்டு இறுக்கி மூடுங்கள், கடலோர ஈரக்காற்றில் அப்பளம் மாதிரி நமத்துப்போகும்.

இரண்டு எதிர் ஓரங்களைப் பிடித்து, நடுப்பகுதி முதலில் தண்ணீரைத் தொடும்படி இறக்கி, பிறகு பக்கங்களை விடுங்கள். அடியில் குமிழ் தெரிந்தால் வாயால் மெல்ல ஊதினால் ஓரத்துக்கு ஓடிவிடும்.

படி 5: அந்த ஒன்றரை நிமிடம்

மிதக்கவிட்ட நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான ஃபிலிமுக்கு 60 விநாடி. முதலில் சுருங்கி நெளியும், அப்புறம் தானே தளர்ந்து படியும். 60 ஆனதும் ஆக்டிவேட்டரை 30 செ.மீ. உயரத்திலிருந்து இடவலமாக ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை அடியுங்கள். ஐந்து பத்து விநாடியில் ஃபிலிம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் கொட்டியது போல மினுங்கும். அதுதான் நேரம். கூடுதலாக அடித்தால் கோலத்தில் தண்ணீர் ஊற்றியது போல மை கலைந்து ஓடும். குறைவாக அடித்தால் ஒட்டாமல் செதில் செதிலாக வரும்.

ஹுட்டை 45 டிகிரி சாய்த்து, ஓரத்தில் ஆரம்பித்து, ஒரே வேகத்தில் இறக்குங்கள். முழுக்க முங்க எட்டுப் பத்து விநாடி ஆகட்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் வளையமாகக் கோடு விழும். முங்கியதும் தண்ணீருக்கு அடியிலேயே மெல்ல ஆட்டி, மேலே மிதக்கும் மிச்சத்தை விலக்கி, தெளிந்த இடத்தின் வழியாக வெளியே எடுங்கள். மிச்ச ஃபிலிம் வழியாக எடுத்தால் டிசைன்மேல் டிசைன் ஏறிவிடும்.

முதல்நாளே ஹுட்டில் கை வைக்காமல், காலி ஷாம்பு பாட்டிலில் இதை மூன்று தடவை செய்துபாருங்கள். ஃபிலிம் வீண்தான், ஹுட் அதைவிட விலை அதிகம்.

படி 6: அலசல், கிளியர் கோட்

வெளியே எடுத்த ஹுட் கையில் விளக்கெண்ணெய் தடவியது போல வழுக்கும், அது கரைந்த பிவிஏ. வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஓடவிட்டு வழுக்கல் போகும்வரை அலசுங்கள். தேய்க்க வேண்டாம், மை இன்னும் முழுசாகக் காய்ந்திருக்காது. வழுக்கல் மிச்சமிருந்தால் கிளியர் கோட் பின்னாளில் உரியும்.

ஃபேன் காற்றில் ஈரம் முழுக்கக் காயட்டும். ஊசிமுனை ஓட்டைகள் இருந்தால் பழுப்பு நிற மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் போதும், கேமோவில் அது ஒரு சுள்ளியாகிவிடும். பிறகு மேட் கிளியர் கோட், மெல்லிசாக மூன்று தடவை. கிளாஸி கிளியர் அடித்தால் வெயிலில் பளீரென்று மின்னி இவ்வளவு நேரம் செய்ததைக் கெடுத்துவிடும். ஹார்ட்னர் கலக்கும் 2கே கிளியர் உறுதியானதுதான், ஆனால் அதில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கிறது. முதல்முறைக்கு ஹார்ட்னர் கலக்காத சாதாரண 1கே போதும்.

டப்பில் மிதக்கும் மை எச்சத்தைப் பழைய செய்தித்தாளால் வழித்து எடுத்து, வெளியில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மிச்சத் தண்ணீரைச் செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம்.

கிளியர் கோட் அரைமணியில் தொடக் காய்ந்துவிடும், இறுக ஒரு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு டேப்பை உரியுங்கள். நேராக இழுக்காமல் மடக்கி, பெயின்ட் ஓரத்தைப் பிளேடால் லேசாகக் கீறிவிட்டு உரித்தால் பிசிறு வராது. ஹுட்டை லென்ஸில் வைத்துத் திருப்புங்கள். பழைய ‘டக்’ சத்தம் வந்தால் பள்ளத்தில் பெயின்ட் ஏறவில்லை என்று அர்த்தம்.