லேஸ் பாபின்: வைப்பதிலும் தூக்கிப்போவதிலும் செய்யும் தவறுகள்

தையல் மெஷின் பாபின் இல்லை இது. தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மெல்லிய கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப்போட்டுப் பின்னும் லேஸுக்கான பாபின். நாகர்கோவில் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பெண்கள் கற்றுக்கொடுத்ததும் இந்த வேலைதான்.

பலரும் செய்கிற தவறு, பிஸ்கட் டின்னில் மொத்தமாகக் கொட்டி வைப்பது. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் பாபின்களின் அடியில் கம்பியில் கோத்த மணி வளையம் தொங்கும். பாபினுக்குக் கனம் தருவதும், அது உருளாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். டின்னுக்குள் இந்த வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் கம்பி வளையும், கண்ணாடி மணி உடையும். டெவன் பகுதியின் ஹானிட்டன் பாபினில் மணியே கிடையாது. பின்னி முடித்த லேஸின் துளைக்குள் நுழைய வேண்டும் என்பதால் அது கூராக, வழவழவென்று இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறலில் நூல் சிக்கும். வரிசையாகப் பை தைத்த துணிச்சுருள் போதும். ஜோடிக்கு ஒரு பை.

ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். நாளானால் இளகி ஒட்டும், பித்தளைக் கம்பியைக் கறுக்க வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரும் நல்லதல்ல: உள்ளே ஈரம் தங்கினால் கம்பி பச்சை பூத்து நூலில் கறை ஏறும்.

பழைய எலும்பு பாபின்களைக் கழுவாதீர்கள். புள்ளி புள்ளியாகத் துளையிட்டு, சிவப்பும் நீலமும் நிரப்பிப் பெயர் எழுதியிருப்பார்கள். காதலர் பெயர் மட்டுமல்ல, தூக்கிலிடப்பட்டவர்களின் பெயரும் ஆண்டும்கூட உண்டு! தண்ணீர் பட்டால் சாயம் போகும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரி. வெயிலில் வைத்தால் எலும்பு வெடிக்கும்.

பாதி பின்னிய லேஸைத் தலையணையோடு தூக்கிப்போகும்போதுதான் பெரிய சேதம். பாபின்களைத் தொங்கவிட்டுத் தூக்கினால், பாபினின் தலைப்பக்கம் நூலைப் பிடித்திருக்கும் சுருக்கு நழுவி நூல் கடகடவென்று அவிழும். மணி வளையம் உள்ளவை என்றால், ஸ்வெட்டர் பின்னுபவர்கள் கண்ணிகளைக் கோத்து வைக்கும் பெரிய ஊக்கை வளையங்களுக்குள் வரிசை மாறாமல் நுழைத்துப் பூட்டுங்கள். ஹானிட்டன் பாபின்களைச் சிறு சிறு கட்டாகத் துணியில் சுற்றி, தலையணையோடு சேர்த்துக் குத்துங்கள். பின்னலில் இருக்கும் குண்டூசிகளை இன்னும் ஆழமாக அழுத்திவிட்டு, மேலே ஒரு துணியை இறுக்கி மூடுங்கள். தலையணையைச் சாய்க்காமல் படுக்கை வாட்டத்திலேயே கொண்டுபோக வேண்டும். பிரிக்கும்போது கடைசியாகக் கட்டியதை முதலில் எடுங்கள்.