கிறிஸ்துமஸ் வேலை: கெடாததை முதலில், கெடுவதைக் கடைசியில்

டிசம்பர் 20 தாண்டிய பிறகு கிறிஸ்துமஸ் வேலையைத் தொடங்கும் வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, டெய்லர் கடையில் ஒருவர், குடிலுக்கு வைக்கோல் தேடி இன்னொருவர். எந்த வேலை எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து, அதிக நாள் தாங்குவதை முதலில் முடித்தாலே பாதிப் பரபரப்பு போய்விடும். இந்த ஆண்டு முதல்முறையாக வீட்டுப் பொறுப்பை ஏற்பவர்களுக்காக, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிடைக்கும் பொருள்களை வைத்தே இதை எழுதுகிறோம்.

முதல் ஞாயிறு: மெழுகுவர்த்தி, துணி, கணக்கு

கிறிஸ்துமஸுக்கு நம்மைத் தயாரிக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி நான்கு மெழுகுவர்த்திகளை நடுங்கள். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. ஊதா மெழுகுவர்த்தி கிடைக்காவிட்டால் வெள்ளையின் அடிப்பகுதியில் மட்டும் ஊதா ரிப்பன் கட்டலாம். திரிக்கு அருகில் ரிப்பன் வரக்கூடாது. வாரம் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய், மூன்றாம் ஞாயிறு இளஞ்சிவப்பை ஏற்றவேண்டும். தினமும் இரவுச் செபத்தின்போது ஐந்து நிமிடம் எரிந்தால் போதும். பண்டிகை வருகிறது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வருவது இதில்தான், கடைவீதியில் அல்ல.

தைக்கவேண்டிய துணியை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பின்னாலேயே பொங்கல் வருவதால் டிசம்பர் நடுவில் டெய்லர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

பலகாரத் தட்டு எத்தனை வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையும் அன்றே எழுதி வையுங்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் உங்களுக்குக் கொடுத்த வீடுகளிலிருந்து தொடங்கினால் யாரும் விடுபடமாட்டார்கள். வீட்டுக்குக் கால் கிலோ என்றால் இருபது வீட்டுக்கு 5 கிலோ. இந்தக் கணக்கு இல்லாமல் மாவு வாங்கினால் கடைசி நாளில் பேக்கரிக்குத்தான் ஓடவேண்டும்.

டிசம்பர் முதல் வாரம்: நட்சத்திரம்

சீரியல் விளக்கையும் ஸ்டாரையும் பரணிலிருந்து இறக்கி, மாட்டுவதற்கு முன் தரையில் வைத்து ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். காகித ஸ்டாருக்குள் 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும். ஸ்டாரின் எடையை ஒயர் தாங்கக்கூடாது, தனி நைலான் கயிறு கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் எட்டிப்பார்க்கும் என்பதால் ஒயர் ஜாயின்ட் எதுவும் வெளியில் இருக்கவேண்டாம். வீட்டுக்குள் போகும் இடத்தில் ஒயரைச் சற்றுத் தொங்கலாக விட்டால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

டிசம்பர் 10 முதல் 12: குடிலுக்குப் புல் விதைத்தல்

குடிலில் பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பைவிடக் கேழ்வரகுப் புல் நூறு மடங்கு அழகு. செலவும் ஒரு கைப்பிடி கேழ்வரகுதான்.

கடையில் மாவுக்கு விற்கும் முழுக் கேழ்வரகே முளைக்கும், ஆனால் பழைய சரக்காக இருக்கக்கூடாது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஓர் இரவு கட்டி வையுங்கள். அடியில் துளையுள்ள தட்டு அல்லது கொட்டாங்கச்சியில் மண்ணும் மணலும் சம அளவு கலந்து இரண்டு அங்குலம் நிரப்பவேண்டும். ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி விதை கணக்கு. மேலே மண்ணை மெல்லியதாகத் தூவி, கையால் தண்ணீர் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் பொடி விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்.

முளை தெரியும் வரை மூடி வைக்கலாம். அதற்குப் பிறகு வெயில் கட்டாயம். அம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பதால்தான் அது வெளிர்மஞ்சளாக நீண்டு நிற்கிறது. குடிலுக்கு நமக்கு வேண்டியது குட்டையான கரும்பச்சை. ஓசூர், தளி பக்கம் குளிர் அதிகம், முளைப்பும் மெதுவாகும், எனவே இரண்டு நாள் முன்னதாகவே விதையுங்கள்.

இதில் வரும் கோளாறு இரண்டு. விதை மறைந்தால் எறும்பு. தட்டை ஒரு செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். வெள்ளைப் பூஞ்சை வந்தால், விதை நெருக்கம் அல்லது தண்ணீர் அதிகம். ஒரு நாள் தண்ணீரை நிறுத்தி வெயிலில் வையுங்கள். நாள் தவறிவிட்டதென்றால் கோதுமை விதையுங்கள், ஏழெட்டு நாளில் விரல் நீளம் வந்துவிடும்.

டிசம்பர் 17-க்குப் பிறகு: குடில்

சூசையப்பர் சொரூபத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு கொட்டகை உயரம் இருக்கட்டும். ஆறு அங்குலச் சொரூபத்துக்கு ஓரடி. தாழ்ந்தால் உள்ளே இருப்பது தெரியாது, உயர்ந்தால் சொரூபம் குறுகித் தெரியும். கூரைக்கு வைக்கோலோ கேழ்வரகுத் தாளோ போடலாம், சுற்றிலும் சவுக்குக் கிளை. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் குடில் அமைத்தபோது மாடு, கழுதை, வைக்கோல்தான் வைத்தார். ஜிகினாவைக் குறைத்தால் குடிலுக்குக் குறை ஒன்றும் வராது.

மலைக்குப் பெரும்பாலும் பழுப்புத் தாளைக் கசக்கி ஒட்டுவார்கள். கிரானைட் பட்டறைகள் நிறைந்த கிருஷ்ணகிரி பக்கம் அது தேவையில்லை, உடைந்த சில்லுகளையே கேட்டு வாங்கி அடுக்கலாம். எடை அதிகம் என்பதால் பிளாஸ்டிக் மேசையில் வேண்டாம், தரையிலோ பெஞ்சிலோ வையுங்கள். வைக்கோலுக்கு அருகில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது, எல்.இ.டி. மட்டும். குழந்தை இயேசு 24 இரவுதான் வைக்கப்படும். மூன்று அரசர்களைத் தொலைவில் நிறுத்தி, அவர்கள் குழந்தையைக் கண்டு வணங்கியதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா (ஜனவரி தொடக்கம்) வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

டிசம்பர் 18 முதல் 21: பலகாரம்

பிளம் கேக்கை முதல் ஆண்டில் விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கைக்கு அடங்குவது, சுருட்டிப் பொரிக்கும் இனிப்பான கல்கல்லும் அச்சு முறுக்கும்.

கல்கல்லுக்கு மைதா 500 கிராம், ரவை 50 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. முதலில் வெண்ணெயை மாவில் நன்றாகப் பிசிறுங்கள். கெட்டித் தேங்காய்ப்பால் சுமார் 150 மில்லி, ஒரே மூச்சில் ஊற்றாமல் மாவு திரளும் அளவுக்கு மட்டும். ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் விடவேண்டும், ரவை ஊறாமல் உருட்டினால் விரிசல் விடும். கோலிக்குண்டு அளவு உருண்டையைப் புதிய சீப்பின் மேலோ முள்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டி, ஓரத்தை ஒட்டிவிடுங்கள். நடுத்தரத் தீயில் பொரிக்கவும். எண்ணெயில் சுருள் பிரிந்தால் ஓரம் ஒட்டவில்லை. வெளியே சிவந்து உள்ளே மாவாக இருந்தால் தீ அதிகம். கல்லாக இருந்தால் வெண்ணெய் போதவில்லை. இந்த அளவுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் கிடைக்கும்.

அச்சு முறுக்குக்கு மைதா ஒரு கப், அரிசி மாவு அரை கப், பொடித்த சர்க்கரை அரை கப், முட்டை ஒன்று, தேங்காய்ப்பால் ஏறக்குறைய ஒரு கப், கறுப்பு எள் ஒரு தேக்கரண்டி. தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும். அச்சை எண்ணெயிலேயே போட்டுச் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம்தான் முக்கவேண்டும். முழுவதும் முங்கினால் முறுக்கு கழன்று வராது. மாவு அச்சில் பிடிக்காமல் வழுக்கினால் அச்சின் சூடு சரியில்லை. புதிய அச்சை முந்தின இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள்.

இரண்டிலும் தேங்காய்ப்பால் இருப்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் சிக்கு வாடை வரும். மாதத் தொடக்கத்திலேயே சுடவேண்டாம் என்பது இதனால்தான். முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடையுங்கள், சூட்டோடு மூடினால் நமுத்துப்போகும்.

கடைசி மூன்று நாள்

வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழு உங்கள் அன்பியத்துக்கு (பங்கின் அக்கம்பக்கத்துக் குழு) எந்த இரவு வருகிறது என்று ஞாயிறு அறிவிப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டியும் வருவார்கள். சுக்குக் காபியை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்து, காணிக்கைக் கவரைத் தயாராக எடுத்து வைத்தால் தூக்கக் கலக்கத்தில் பர்ஸ் தேடவேண்டியதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனம்) 24 மாலைக்குத் தள்ளிப்போட்டால் வரிசை நீளும்.

சாமந்தியை 22-ஆம் தேதியே வாங்குங்கள். ராயக்கோட்டைப் பக்கம் நிறைய விளைகிற பூதான் என்றாலும், மார்கழி பூஜைக்கும் பண்டிகைக்கும் சேர்ந்து கடைசி நாளில் விலை ஏறும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு நாள் வாடாது.

கறிக்கடைக்காரரிடம் எத்தனை கிலோ, என்ன துண்டு என்று 23 அன்றே சொல்லிவிட்டு, 24 மாலை வாங்கிவிடுங்கள். இரவுத் திருப்பலிக்குக் கிளம்பும் முன் தயிர், இஞ்சி பூண்டு விழுது, உப்பு பிசறி ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும், வெளியில் அல்ல. சீரகச் சம்பாவைக் காலையில் அரை மணி நேரம் மட்டும் ஊறவிடுங்கள். இரவே ஊறப்போட்டால் தம்மில் குழைந்துவிடும்.