முந்திரி கம்பெனியில் ஆபத்து எங்கே இருக்கிறது? நீங்களே கண்டுபிடிக்கும் முறை

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் சின்னதாக முந்திரி கம்பெனி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதுகாப்பெல்லாம் கடலூர் சிப்காட் ஆலைகளுக்குத்தான் என்று விட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் வேலை செய்யும் கொட்டகையிலும் பாய்லர், மோட்டார், கைத் தோலைப் பொசுக்கும் முந்திரி ஓட்டு எண்ணெய் எல்லாம் உண்டு. தேவைப்படுவது ஒரு நோட்டும் பேனாவும்தான்.

படி 1: கொட்டை போகும் வழியில் நடங்கள்

மூட்டை இறக்குவது, ஆவியில் வேக வைப்பது, உடைப்பது, காய வைப்பது, தோல் உரிப்பது. வேலை நடக்கும்போதே போய்ப் பாருங்கள். மிஷின் நின்றிருந்தால் ஆபத்தும் கண்ணுக்குத் தெரியாது. வெட்டுவது, சுடுவது, வழுக்குவது, ஷாக் அடிப்பது எது என்று அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள்.

படி 2: கேட்கும் விதமாகக் கேளுங்கள்

"இங்க ஏதாவது ஆபத்து இருக்கா?" என்றால், "ஒண்ணுமில்லண்ணே" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்பக்கா கையில பட்டுச்சு, எதுல பட்டுச்சு?" என்று கேளுங்கள். விரலைக் காட்டிச் சொல்வார்கள்.

படி 3: முதலில் எதைச் சரிசெய்வது?

உயிரை, கண்ணை, கையை எடுக்கக்கூடியது முதலில். மற்றவை பிறகு.

படி 4: ஆபத்தை அது பிறக்கும் இடத்திலேயே தடுங்கள்

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. பட்ட இடம் கொப்புளமாகி, கறுத்து, உரிந்துவிடும். உடனே கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் கூலி கிலோ கணக்கில். தடித்த கையுறையோடு கொட்டையைப் பிடித்தால் வேகம் குறையும், அன்றைய கூலியும் குறையும். கழற்றிவிடத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேக வைத்த கொட்டை நன்றாக ஆறிய பிறகே கத்திக்குப் போகட்டும். எண்ணெய் முகத்தில் தெறிக்காமல் மிஷினுக்கு மறைப்பு வையுங்கள். கையுறை விரலோடு ஒட்டி நிற்கும் அளவில் இருக்கட்டும். சோப்பும் தண்ணீரும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும். மண்ணெண்ணெயில் கை கழுவ விடாதீர்கள்.

மோட்டார் பெல்ட்டுக்குக் கம்பி வலை போடுங்கள். சேலைத் தலைப்பு சிக்க ஒரு நொடி போதும்.

பாய்லரில் தீ மூட்டும் முன் தண்ணீர் மட்டக் கண்ணாடியைப் பாருங்கள். அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வைக் கட்டுவதோ, அதன்மேல் எடை வைப்பதோ கூடவே கூடாது. ஓடும்போது மட்டம் கண்ணாடிக்குக் கீழே போய்விட்டால் பதறிப்போய்த் தண்ணீர் விடாதீர்கள். காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் சட்டென்று ஆவியாகி வெடிக்கலாம். விறகு போடுவதை நிறுத்தி, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். எண்ணெய் ஊறிய ஓட்டுக் குவியலும் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

படி 5: ஐப்பசிக்கு முன் கரண்ட்டைப் பாருங்கள்

நம்ம ஊரில் மழை தரையோடு நிற்பதில்லை. ஸ்விட்ச் போர்டை உயரத்தில் மாட்டுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். கரண்ட் கசிந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

படி 6: பெயரும் தேதியும்

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். புது மிஷின் வந்தாலோ புது ஆள் சேர்ந்தாலோ மறுபடி படி 1.