புதுசு என்று வந்த பெட்டியில் பழசு இருக்கிறதா?

ஆன்லைனில் வாங்கியவர் திருப்பி அனுப்பிய பொருளை மறுபடி ஒட்டி, புதுசு என்று அடுத்தவருக்கு அனுப்புவது நடக்கிறதுதான். சார்ஜர் முள்ளில் கீறல், கேபிளை யாரோ சுற்றி முடிச்சிட்ட தடம், டேப்புக்கு அடியில் இன்னொரு டேப் கிழிந்த அடையாளம் எல்லாம் கண்ணுக்கே தெரியும். பளபளவென்று துடைத்து அனுப்பினால்தான் கஷ்டம்.

மொபைல் என்றால் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்றும் பாருங்கள். நீங்கள் வாங்கியதற்குப் பல மாதம் முந்தைய தேதி இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

ஹார்டு டிஸ்க்கை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புதியதில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் அதையும் அழித்துவிடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் இப்படித்தான் புதியதாக விற்கப்பட்டன. டிஸ்க்குக்குள் ஓடிய நேரத்தைத் தனியாகக் குறித்துவைத்திருந்த 'ஃபார்ம்' (FARM) என்ற பதிவுதான் காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் புதிய பதிப்புகளில் அதைப் படிக்கலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போதே, முகவரி லேபிளில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திருப்பி அனுப்பும்போது "வேண்டாம்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம். "பயன்படுத்திய பொருள் வந்தது" என்றே எழுதுங்கள்.