58 மார்க்கோடு மருத்துவத்துக்கு விண்ணப்பித்த கதை

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கேம்செட் என்றால் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள் மருத்துவம் படிக்க எழுதும் நுழைவுத் தேர்வு அது. 58 என்றதும் பெரியம்மா, "பாஸ்தானேய்யா?" என்றார். அது சதவீதமில்லை, தேர்வு நடத்துபவர்கள் சமன்படுத்தித் தரும் அளவு என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எனக்கு உதவியது மொத்த மார்க்கைப் பிரித்துப் பார்த்ததுதான். மனிதவியல் 59, கட்டுரை 68, அறிவியல் 53. வழக்கமான கணக்கில் அறிவியல் இரண்டு மடங்கு: 59+68+106, நான்கால் வகுத்தால் 58. ஆனால் ஆஸ்திரேலியாவில் எல்லாப் பல்கலைக்கழகமும் அப்படிக் கணக்கிடுவதில்லை. மூன்றையும் சமமாகக் கூட்டி வகுக்கும் இடங்களும் உண்டு. அங்கே எனக்கு 60. பேப்பர் அதேதான், மார்க்கு மட்டும் கூடியது! எழுத்தில் வலுவானவர்கள் முதலில் தேட வேண்டியது இத்தகைய இடங்களைத்தான்.

அடுத்து, என் பட்டம் உளவியல். அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டு மருத்துவப் படிப்புக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், அதையும் சேர்த்தேன். பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பான யூகாஸ் வழியாக மருத்துவத்துக்கு நான்கு இடங்கள்தான், கடைசி நாளும் அக்டோபர் நடுவிலேயே வந்துவிடும், அதை விட்டுவிட்டேன்.

பெயர் பெற்ற இடம் என்பதற்காக மட்டும் எங்கும் பணம் கட்டவில்லை. ரிங்கிட்டை மாற்றினால் விண்ணப்பக் கட்டணமே வலிக்கும். ஒவ்வொரு பட்டத்துக்கும் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லாவிட்டால் திரும்பி வந்து, தனியாக ஒரு தகுதித் தேர்வில் தேறாமல் ஈப்போவில் ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) வேலைகூடச் செய்ய முடியாது.

நேர்முகத்துக்கு அழைத்தது, சமமாகக் கணக்கிட்ட ஓர் இடம்.