ஓபரா இசைக்கு ஒரு குட்டி அனிமேஷன் படம் பண்ணணுமா? முதல்ல காதுல இருந்து ஆரம்பிங்க

நிறைய பேர் கதை எழுதி கேரக்டர் எல்லாம் வரைஞ்சு முடிச்சிட்டு கடைசியில மேல ஒரு ஓபரா (கதையை முழுக்கப் பாடியே நடிக்கிற மேற்கத்திய இசை நாடகம்) டிராக்கை ஒட்டிடுறாங்க, அப்படிப் பண்ணா பார்க்குறவங்களுக்கு படம் தனியா பாட்டு தனியாத்தான் தெரியும். இந்த மாதிரி படத்துல இசைதான் ஸ்கிரிப்ட். அதை முழுசா மனப்பாடம் ஆகுற வரைக்கும் கேட்டுட்டு அப்புறம் பென்சிலை எடுங்க.

முதல்ல ரெண்டு படம் பாருங்க. ஒண்ணு சக் ஜோன்ஸ் 1950ல வார்னர் பிரதர்ஸ்க்காகப் பண்ண 'ராபிட் ஆஃப் செவில்'. இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸ்ஸினியோட 'பார்பர் ஆஃப் செவில்' ஓபராவுக்கு முன்னாடி வர்ற ஓவர்ச்சரை எடுத்து, முயல் பக்ஸ் பன்னி தன்னைத் துரத்துற வேட்டைக்காரன் எல்மர் தலையை மசாஜ் பண்றது, சலூன் நாற்காலி மேல மேல ஏறிப் போறதுன்னு ஒவ்வொரு அசைவையும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் உட்கார வெச்சிருப்பாங்க, இசையை அந்த நீளத்துக்கு அமைச்சுக் கொடுத்தவர் கார்ல் ஸ்டாலிங். இன்னொண்ணு இத்தாலியில ஜானினியும் லூட்சாட்டியும் சேர்ந்து 1964ல பண்ண 'லா காட்ஸா லாட்ரா', இதுவும் ரோஸ்ஸினி ஓவர்ச்சர்தான், ஆனா முழுக்க கட்-அவுட் அனிமேஷன், அதாவது வெட்டின துண்டுகளை நகர்த்தி நகர்த்திப் பண்றது, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. பெரிய ஸ்டுடியோ இல்லாதவங்களுக்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் சரியான பாடம். ஒரு தடவை சவுண்டோட, ஒரு தடவை மியூட் பண்ணி, ஒரு தடவை கண்ணை மூடி வெறும் காதால கேளுங்க, எந்த ஸ்வரத்துக்கு என்ன நடந்துச்சுன்னு அப்பத்தான் பிடிபடும்.

எந்த இசையை எடுக்கலாம்? முதல் படம்னா பாட்டு வேணாம், ஓவர்ச்சர் எடுங்க. வார்த்தை கிடையாது, வாயசைவு கிடையாது, கதையும் உங்க இஷ்டம். இந்த பார்பர் ஓவர்ச்சரையே ரோஸ்ஸினி முதல்ல 1813ல வேற ஒரு சீரியஸான ஓபராவுக்குத்தான் எழுதினார், அப்புறம் இன்னொரு ஓபராவுக்கும் போட்டுட்டு 1816ல பார்பருக்குக் கொண்டுவந்தார். ராஜா கதைக்கும் பொருந்துது சலூன் கதைக்கும் பொருந்துதுன்னா உங்க கதைக்கும் தாராளமா பொருந்தும். 'வில்லியம் டெல்' ஓவர்ச்சரோட கடைசிப் பகுதி, 'கார்மென்' தொடக்க இசை இதெல்லாமும் நல்ல சாய்ஸ். முழுசா எடுக்காதீங்க, 40 செகண்ட் போதும்.

ரோஸ்ஸினிகிட்ட ஒரு விஷயம் அனிமேட்டருக்கு வரம் மாதிரி. ஒரே சின்ன டியூனைத் திரும்பத் திரும்ப வாசிச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வாத்தியத்தைக் கூட்டி, சத்தத்தை ஏத்திக்கிட்டே போய் கடைசியில வெடிக்க வைப்பார், ரோஸ்ஸினி கிரெஷெண்டோன்னு இதுக்குப் பேரே இருக்கு. நீங்களும் அதே மாதிரி ஒரே செயலைத் திரும்ப வெச்சு அளவை மட்டும் பெருசாக்கிட்டே போங்க. ராபிட் ஆஃப் செவில்ல கோடாரியில ஆரம்பிச்சு துப்பாக்கி பீரங்கின்னு பெருசாகிட்டே போய், திடீர்னு பக்ஸ் பூங்கொத்தை நீட்டுவான் பாருங்க, அந்தத் திருப்பம் வேலை செய்யுறதுக்குக் காரணமே அதுக்கு முன்னாடி ஏறின ஏத்தம்தான்.

அடுத்தது பீட்டைக் குறிக்கிறது, இதுல அவசரப்படாதீங்க. சவுண்ட் எடிட் பண்ற ஆடாசிட்டி சாஃப்ட்வேர் இலவசம்தான், அதுல டிராக்கைப் போட்டு டைம் டிஸ்ப்ளேவை செகண்டுக்கு 24 ஃபிரேம்ஸ்க்கு (ஒரு ஃபிரேம்னா ஒரு படம்) மாத்திட்டு ஓடவிட்டு ஒவ்வொரு பீட்டுக்கும் கன்ட்ரோல் எம் தட்டினா அந்த இடத்துல லேபிள் விழும். நிமிஷத்துக்கு 120 பீட்னா ஒரு பீட்டுக்கு 12 ஃபிரேம், 144னா 10 ஃபிரேம், 90னா 16 ஃபிரேம். ஆனா கணக்கை மட்டும் நம்பாதீங்க, ஆர்கெஸ்ட்ரா தாளம் தட்டுற மெட்ரோனோம் கருவி மாதிரி வாசிக்காது, அதை நடத்துற கண்டக்டர் ஒரு இடத்துல இழுப்பார் ஒரு இடத்துல தள்ளுவார், அதனால காதால குறிச்சதுதான் கடைசி முடிவு. அப்புறம் ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு மேல வரிசையில பீட் நம்பர், நடுவுல என்ன வாத்தியம், கீழ என்ன ஆக்‌ஷன்னு எழுதுங்க, அந்தக் காலத்து ஹாலிவுட் கார்ட்டூன்காரங்க பார் ஷீட்னு வெச்சிருந்தது இதைத்தான். எல்லா பீட்டுக்கும் ஒரு அடி ஒரு குதின்னு வைக்காதீங்க, சலிச்சுப் போகும். வயலினுக்கு ஒருத்தர், டிரம்ஸுக்கு ஒருத்தர்னு பிரிச்சுக் கொடுத்தா படம் மூச்சு விடும். முக்கியமான அடி, விழுறதெல்லாம் சத்தத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃபிரேம் முன்னாடியே வெச்சுப் பாருங்க, கண்ணுக்கு அப்பத்தான் கரெக்டா சேர்ந்த மாதிரி இருக்கும்.

இப்ப படம் எடுக்கலாம். கெட்டி அட்டையில தலை, கை, கால் தனித்தனியா வெட்டுங்க, போனை மேல இருந்து கீழ பார்க்குற மாதிரி அசையாம கட்டுங்க, ஜன்னல் வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கும்ங்கிறதால திரையை மூடிட்டு லைட் போட்டுக்கோங்க, ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் பண்ணிடுங்க. ஒரு போட்டோவை ரெண்டு ஃபிரேம் நிறுத்துனா செகண்டுக்கு 12 போட்டோ, 40 செகண்டுக்கு 480. ரெண்டு மூணு வீக்எண்ட்ல முடிக்கலாம். கம்ப்யூட்டர்ல வரையுறவங்களுக்கு ஓபன்டூன்ஸ், கிரிடா ரெண்டும் இலவசமாவே கிடைக்குது.

பாடுற கேரக்டர் வேணும்னு அடம்பிடிச்சா இத்தாலியன் ஏரியா, அதாவது ஓபராவுல ஒருத்தர் தனியாப் பாடுற பாட்டு, எடுங்க, ஆ ஏ ஈ ஓ ஊ அஞ்சு வாய், மூடின வாய் ஒண்ணு, இது போதும். வாயை விட முக்கியம் மூச்சு. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி பாடகர் மூச்சு இழுப்பார், அதுக்கு ஆறேழு ஃபிரேம் ஒதுக்கி நெஞ்சு ஏறுற மாதிரி காட்டுங்க, பொம்மைதான் பாடுதுன்னு ஜனம் நம்பிடும்.

கடைசியா உரிமை விஷயம். ரோஸ்ஸினி 1868ல போயிட்டார், ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் 1883ல, 'கார்மென்' எழுதுன பிஸே 1875ல, அதனால அவங்க எழுதுன இசை யாரும் எடுக்கலாம். ஆனா அதை வாசிச்ச ரெக்கார்டிங்குக்குத் தனி உரிமை இருக்கு, நேத்து வந்த ஆல்பத்தை எடுத்துப் போட்டா மாட்டிக்குவீங்க. அமெரிக்காவுல 1923க்கு முன்னாடி வெளிவந்த ரெக்கார்டிங் எல்லாம் 2022 ஜனவரியில பொதுச்சொத்தாயிடுச்சு, இத்தாலிய ஓபரா பாடகர் கரூசோ 1921லயே இறந்துட்டதால அவர் உயிரோட இருந்தப்ப வந்த இசைத்தட்டு அத்தனையும் அதுல அடங்கிடும், கரகரப்பு இருந்தாலும் அந்தக் குரலுக்கு ஈடே கிடையாது. சுத்தமான சவுண்ட் வேணும்னா மியூஸோபென் வெப்சைட்ல தேடுங்க, ஒவ்வொரு ஃபைலுக்கும் லைசன்ஸ் வேற வேறயா இருக்கும், படிச்சிட்டு டவுன்லோட் பண்ணுங்க. யூடியூப்ல போடும்போது அதே இசையை வாசிச்ச வேற கம்பெனி பேர்ல தானா காப்பிரைட் கிளெய்ம் வர வாய்ப்பிருக்கு, எங்க இருந்து எடுத்தீங்கங்கிற லிங்கையும் லைசன்ஸ் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட்டையும் முதல் நாளே சேவ் பண்ணி வெச்சிருந்தா டிஸ்ப்யூட் போடும்போது கையில ஆதாரம் இருக்கும்.